கயித்தைப் பிடிச்ச கை

பிடிச்சிருக்காவ. இன்னும் பிடிச்சிருக்காவ. வலது கை முன்னால, இடது கை பின்னால, நடுவுல மஞ்ச நைலான் கயிறு. நான் பால்கனிக் கதவுல சாஞ்சுக்கிட்டு அந்த வலது கையை மட்டும் பாத்துக்கிட்டு நிக்கேன், வேற எங்கயும் பாக்க மாட்டேன், எட்டிப் பாத்தா கனி தெரிவான். எங்க வீடு ரெண்டாவது மாடி, அவன் கீழ முதல் மாடி ஜன்னலுக்கு மேல நீட்டிக்கிட்டு இருக்க சன்ஷேடுல நிக்கான், ரெண்டு பாதம் வைக்கத்தான் அங்க இடம், அதுக்குக் கீழ கோமு அக்கா வீட்டு முற்றம் வரைக்கும் ஒண்ணுமே கிடையாது, வெறும் வெளி. ஏசியைக் கழட்ட வந்தவன். உள்ள சுவத்துல இருந்ததை அலுங்காமக் கழட்டி ஹால்ல வச்சுட்டான், அது ஒண்ணுமில்ல, கண்ணாடி கழட்டுத மாதிரிதான். வெளிய தொங்குத பெட்டிதான் வில்லங்கம், அவுட்டோர்ங்காங்களே அது, அதைச் சுவத்துலருந்து எடுத்து, கயித்துல கட்டி, முற்றத்துக்கு இறக்கணும். மேலருந்து ஒரு ஆளு கயித்தைப் பிடிக்கணும். பிடிச்சிருக்கது எங்க வீட்டு ஆளு, சாலமோன் சார், பி.டி. வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவ்வொ. கயிறு எனக்கு என்ன புதுசா தம்பி, கயிறு இழுக்குத போட்டில நான் கடைசில நின்னா எதிர்ல ஒரு ஊரே இழுத்தாலும் நகர மாட்டேன்னு கனிகிட்ட பெருமை வேற. அது உண்மைதான், நான் பாத்திருக்கேன், கல்யாணமான புதுசுல ஸ்கூல் கிரவுண்டுல, குதிகாலை மண்ணுல ஊனிக்கிட்டு சும்மா மலை கணக்கா நின்னாவ. ஆனா அது அந்தக் கை. இது இந்தக் கை. இந்தக் கை காப்பித் தம்ளரைப் பிடிக்க மாட்டேங்குது ஏசப்பா, இதை நம்பி ஒருத்தன் அந்தரத்துல நிக்கான், அவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும், நான் வாயைப் பொத்திக்கிட்டு நிக்கேன்.

சொல்லிருக்கலாம். காலைல கனி தனியா வந்து நிக்கும்போதே சொல்லிருக்கலாம். கூட வேலை பாக்க ஆளுக்குக் காய்ச்சலாம், நாளைக்கு வரட்டுமா சார்னுதான் அவன் கேட்டான், பாவம், அவன் மேல குத்தமே கிடையாது. ஆளு எதுக்குப்பா, நான் என்ன செத்தா போயிட்டேன்னு இவ்வொதான். அப்ப நான் அடுப்படில இருந்தேன், டீ கொதிச்சுக்கிட்டு இருந்தது, நாளைக்கே வரட்டுங்கன்னு ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகும். சொல்லல. ஏன்னா சொன்னா ஏன்னு கேப்பாவ. ஏன்னு கேட்டா நான் கையைப் பாப்பேன். நான் கையைப் பாத்தா அவ்வொளுக்குத் தெரிஞ்சுரும், எனக்குத் தெரியும்னு. அந்த இடத்துக்கு வந்தாலே அங்கருந்து திரும்பி அடுப்புக்கு ஓடிருதேன். டீ பொங்கி வழிஞ்சுட்டு. என்னட்டி கவனம்னு சத்தம் போட்டாவ. கனி முதல்ல ஏசியை ஓடவிட்டு ஏதோ சாவி போட்டுத் திருகினான், பிறகு மெயினை ஆஃப் பண்ணச் சொல்லி டெஸ்டரை வச்சுத் தொட்டுப் பாத்தான், கேஸ் எல்லாத்தையும் அவுட்டோருக்குள்ளயே இழுத்து அடைச்சாச்சு அக்கா, இனி பயம் இல்லன்னான். பயம் இல்லையாம். கேஸ் வெடிச்சு ஒரு குடும்பமே போச்சுன்னு வாட்சப்ல வந்ததையெல்லாம் படிச்சுட்டு ராத்திரி பூரா அதுக்குத்தான் பயந்தேன்னு நெனச்சேன், இல்ல, அதுக்கு இல்ல, அந்தப் பயத்தை முன்னால நிறுத்தி வச்சுட்டு இந்தப் பயத்தை அது பின்னால ஒளிச்சு வச்சிருக்கேன்.

"சார், ஒரு போல்ட் கழண்டுட்டு. பிடிச்சிருக்கியளா?"

"நீ கழட்டுடே. பாறை மாதிரி நிக்கேன்."

பாறை. கட்டை விரல் பக்கத்துல ஒரு நரம்பு துடிக்குது, எனக்கு இங்கருந்தே தெரியுது, துடிக்கு, நிக்கு, துடிக்கு. கயித்தைப் பால்கனி கம்பில ஒரு சுத்து சுத்தித்தான் வச்சிருக்கு, அது கனி செஞ்சது, பாரத்துல பாதியை அந்தச் சுத்தே தாங்கிக்கிடும் சார், நீங்க சும்மா பிடிச்சிருந்தாப் போதும்னான். இவ்வொ கையிலயும் ஒரு சுத்துச் சுத்தப் போனாவ, போட்டில சுத்துவாங்கள்லா அந்தப் பழக்கம், ஐயோ சார் கையில மட்டும் சுத்திராதிய, போச்சுன்னா கையோட போயிரும்னு அவன் எடுத்துவிட்டான். எடுத்துவிடும்போது அந்தக் கையைத் தொட்டான். தொட்டவனுக்குத் தெரியலையே. குளுந்து கிடக்குமே அந்தக் கை, இப்பல்லாம் எப்பவும் குளுந்துதான் கிடக்கு, ராத்திரி தூக்கத்துல என் மேல பட்டா நான் முழிச்சுக்கிடுவேன். முதல்ல தம்ளர். பிறகு சட்டை. சட்டையே போடுதது இல்ல, எல்லாம் பனியன் துணியில தலை வழியா மாட்டுத சட்டைதான், என்னங்க காலேஜ் பையன் மாதிரின்னு கேலி பண்ணுனேன், வெயிலுட்டின்னாவ. வெயில் ஒண்ணும் இல்ல. பட்டன். கண்ணாடி முன்னால நின்னு ஒரு பட்டனோட மல்லுக்கு நின்னதை நான் கதவிடுக்குல பாத்தேன், பாத்துட்டு சத்தமில்லாமப் பின்னால நடந்து போயி, ஹால்லருந்து என்னங்க நேரமாச்சுன்னு கத்தினேன், அப்பதான் வாரேன்ங்க மாதிரி. சபையில திருவிருந்து அன்னைக்கு பாதிரி ஐயர் கிண்ணத்தைக் கொடுக்கும்போது இடது கையை நீட்டுனாவ. இடது கையை! சின்னப் பிள்ளைலருந்து சபைக்குப் போற ஆளு. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். செல்போன்ல ஒரு நாளு கை நடுங்குது காரணம்னு தமிழ்ல அடிச்சுப் பாத்தேன், வரிசையா வந்தது, முதல் வரியைப் படிக்குததுக்குள்ள மூடிட்டேன், மூடிட்டு போனையே தலையணைக்கு அடியில தள்ளிட்டேன். அது அங்க கிடந்து என்னமோ செஞ்சுரும்ங்க மாதிரி. பைத்தியக்காரி.

டங்கு டங்குன்னு அடிக்கான். ரெண்டாவது போல்ட் துரு ஏறிக் கிடக்காம். துருதான் எல்லாத்துக்கும் காரணம், பெட்டியைத் தாங்கிக்கிட்டு இருக்க ரெண்டு இரும்புச் சட்டமும் செதில் செதிலா உதிருது, போன வாரம் ஒரு துண்டு கோமு அக்கா காயப்போட்டிருந்த கூழ்வத்தல் மேல விழுந்துட்டு. விழுந்தது ஒரு விரல் நீளம், அக்கா போட்ட சத்தம் சமாதானபுரம் வரைக்கும் கேட்டிருக்கும். என் தலையில விழுந்திருந்தா யாரு பதில் சொல்லுவான்னு. நியாயமான கேள்விதான். இவ்வொ அதுக்கு மேல கத்துனாவ, உன் வத்தலை உன் வீட்டு மொட்டை மாடில போடுன்னு, கீழ் வீட்டுக்காரிக்கு ஏது மொட்டை மாடி. நான் பின்னால நின்னு விடுங்கன்னேன். உடனே விட்டுட்டாவ. அது ஒரு அதிசயம் எங்க வீட்டுல. இவ்வொ கோபத்துக்கு ஹெட்மாஸ்டரே ஒதுங்கிப் போவாரு, கூடப் பிறந்தவ்வொ கூட பேச பயப்படுவாவ, ஆனா நான் முதுகுக்குப் பின்னால நின்னு மெதுவா விடுங்கன்னு சொன்னாப் போதும், அப்படியே சத்தம் அடங்கிரும். பஸ்ல கண்டக்டர்கூட சண்டை, விடுங்க. எங்க மக ஜெமிலா கல்யாணத்துல சம்பந்திமாரு கறியில உப்பு இல்லன்னப்போ எந்திச்சாவ பாருங்க, விடுங்க. எத்தனை விடுங்க சொல்லிருப்பேன் இந்த ஆயுசுல, சாப்பிட வாங்கங்கதை விட அதைத்தான் கூடச் சொல்லிருப்பேன், இப்ப நினைக்குதேன், அந்த ஒரு வார்த்தைலதான் எங்க குடும்பமே ஓடிருக்கு. இன்னைக்கு அந்த வார்த்தைதான் இங்க எமன். கனி வேலை ஆரம்பிக்கதுக்கு முந்தி விரலை நீட்டிச் சொன்னான், சார், நான் விடுன்னா ஒரு சாண் விடணும், பிடின்னா பிடிக்கணும், என் சத்தம் தவிர வேற சத்தத்துக்குக் காது கொடுக்காதிய. அக்கா, நீங்க தயவுசெய்து பேசிராதிய. நான் தலையை ஆட்டினேன். அதுலருந்து அந்த வார்த்தை என் வாய்க்குள்ளயே உருண்டுக்கிட்டு இருக்கு, முந்தானையைச் சுருட்டி வாயில வச்சிருக்கேன், சர்ச்சுல சிரிப்பு வந்தா வைக்க மாதிரி.

"கழண்டுட்டு சார். இனி பெட்டியை நெம்பி வெளிய எடுக்கேன். பாரம் வரும், ரெடியா?"

பாரம் வந்துட்டு. கயிறு கம்பியைக் கடிச்சுக்கிட்டு முறுக்குன்னு ஒரு சத்தம் போட்டுது, இவ்வொ முதுகு இறுகிச்சு, பனியன் சட்டைக்குள்ள தோள்பட்டை எலும்பு ரெண்டும் எந்திச்சு நின்னுது. கனியோட இடுப்புக் கயிறு எங்க படுக்கை அறை ஜன்னல் கம்பில கட்டிருக்கு, அது அறாது, அறவே அறாது, நான் போயி ரெண்டு தடவை இழுத்துப் பாத்தேன். ஆனா பெட்டி அவன் மேல சரிஞ்சா, சன்ஷேடுலருந்து தட்டிவிட்டா, அந்த இடுப்புக் கயித்துல தொங்கிக்கிட்டு சுவத்துல மோதுவான்லா. அவன் சன்ஷேடுல இறங்குததுக்கு முந்தி அவன் வீட்டுக்காரி போன் பண்ணுனா, வரும்போது பிள்ளைக்கு மருந்து வாங்கணும்னா போல, இன்னா வந்திருதேன்மான்னு வச்சான். இன்னா வந்திருதேன். ஏசப்பா, எனக்கு வேற எதுவும் வேண்டாம், இந்தக் கை இன்னும் கொஞ்ச நேரம் கையா இருக்கட்டும். "விடுங்க சார்... மெதுவா... ஒரு சாண்." விட்டாவ. சரியா ஒரு சாண். "பிடி." பிடிச்சாவ. எனக்கு மூச்சு வந்தது. "விடுங்க... பிடி." அட, பிடிக்காவளே, நல்லாத்தானே பிடிக்காவ, நான்தான் வீணா மனசைப் போட்டு உழப்பிக்கிட்டேனோ, தம்ளர்னா யார் கையிலருந்தும்தான் வழுக்கும், பட்டன் ஓட்டை சின்னதா இருந்திருக்கும், இடது கையை நீட்டுனது மறதில. அப்படி நினைக்க எவ்வளவு சுகமா இருக்கு. அப்பதான் கீழ வாசக் கதவு சத்தம். கோமு அக்கா. வெளிய வராதியன்னு கனி போயிச் சொல்லிட்டுத்தான் வந்தான், ஆனா வத்தலை மறந்துட்டாளாம், கட்டில்ல கூழ்வத்தல், அதை எடுக்க வந்துட்டா, நேரா பெட்டிக்குக் கீழ.

"ஏ சார்வாளே, திரும்பவும் துருவைக் கொட்டுதியளா! இந்தா பாருங்க, வத்தல் பூரா மண்ணு!"

"உள்ள போ! ஏ, மனுசி மாதிரியா இது, உள்ள போங்கேன்! பெட்டி தலைக்கு மேல தொங்குது, இவ வத்தலப் பெறக்குதா!"

தலையைக் கம்பிக்கு வெளிய நீட்டிட்டாவ. கழுத்து நரம்பு புடைச்சு, முகம் சிவந்து. கனி அக்கா போங்க போங்கன்னு கத்துதான், இவ்வொ கத்துதாவ, கோமு அக்கா கத்துதா, அந்த நேரம் நான் கையைப் பாத்தேன். கட்டை விரல் திறந்துக்கிட்டு இருந்துது. இவ்வொ திறக்கல, இவ்வொளுக்கு அது தெரியவே தெரியாது, இவ்வொ கீழ பாத்துக் கத்திக்கிட்டு இருக்காவ, கை தன் பாட்டுக்குத் திறக்குது, தூக்கத்துல குழந்தை கை திறக்குத மாதிரி, கயிறு ஓட ஆரம்பிச்சுட்டு. நான் என்னத்தைச் சொல்லணும்? பிடிங்கன்னு சொல்லணும். என் வாயிலருந்து வந்தது விடுங்க. முந்தானை கீழ விழுந்தது, விடுங்க. சண்டை போடுத இவ்வொ முதுகைப் பாத்தா என் வாயிக்கு வேற வார்த்தை தெரியாது.

என்ன நடந்துதுன்னு வரிசையாச் சொல்ல எனக்கு இப்பவும் வராது. கயிறு கம்பியைத் தேச்சுக்கிட்டு ஓடின சத்தம் மட்டும் காதுல கிடக்கு. நான் பாஞ்சேன், பின்னால சுருண்டு கிடந்த கயித்துல மிதிச்சேன், ரெண்டு கையாலயும் பிடிச்சேன், உள்ளங்கையில தீ. டம்முன்னு ஒரு சத்தம் சுவத்துல. கனி அம்மான்னான். அதுக்குப் பிறகு ஒண்ணுமே கேக்கல, ஒரு காக்கா கூடக் கத்தல, நான் கண்ணை மூடிட்டேன், செத்துட்டான்னு நினைச்சேன், கோமு அக்காவும் செத்துட்டா, மருந்து வாங்கிக் கொடுக்க ஆள் இல்லாம ஒரு பிள்ளை அழுது. "பிடி, பிடி, பிடி, பிடி, பிடி." கனி சத்தம். இருக்கான். கம்பில இருந்த அந்த ஒரு சுத்து தாங்கிட்டு. பெட்டி அவன் முழங்காலை உரசிக்கிட்டுப் போயி சன்ஷேடுக்குக் கீழ தொங்குது. கோமு அக்கா வத்தல் துணியை மார்போட சேத்துப் பிடிச்சுக்கிட்டு வாசப்படில உக்காந்துட்டா. கனி எட்டிக் கயித்தைப் பிடிச்சு, ஜன்னல் கம்பில ஒரு முடிச்சுப் போட்டுட்டுத்தான் மூச்சு விட்டான். முழங்கால்ல ரத்தம். "என்ன சார்! என்ன சார் நீங்க!"

"நான் என்னடே செய்ய, இவ விடுங்கன்னா. விட்டுட்டேன். இத்தனை வருஷப் பழக்கம்லா."

சிரிக்காவ. சிரிப்பு மாதிரி ஒண்ணு. கனிக்கும் உசுரு வந்த வேகத்துல சிரிப்பு வந்துட்டு, அக்கா, உங்களைத்தானே நான் பேசாதியன்னு சொன்னேன், உங்க வாயிதான் அக்கா வெடிகுண்டு, கேஸ் இல்ல. உள்ள போங்க அக்கா. சார், திரும்ப ஆரம்பிப்போமா, இன்னும் பாதிதான். ஆரம்பிப்போம்னு இவ்வொ கயித்துக்குக் கையை நீட்டுதாவ. இடது கையை நீட்டிட்டு, பிறகு ஞாபகம் வந்து வலது கையை நீட்டுதாவ. நான் உள்ள போயிருக்கலாம். எவ்வளவு வசதி பாருங்க, எல்லாக் குத்தமும் ஒரு வார்த்தை மேல போயிட்டு, சிரிச்சு முடிச்சாச்சு, சாயந்திரம் ஜெமிலாட்ட போன்ல சொல்லிச் சிரிக்கலாம், உங்க அம்மை ஒரு ஆளைக் கொல்லப் பாத்தாட்டின்னு. நானும் ஆமான்னு சொல்லிட்டுப் போகலாம், குத்தத்தை வாங்கிக்கிடுதது எனக்கு என்ன பெரிய கஷ்டமா. கதவு வரைக்கும் போயிட்டேன். நிலைப்படியைத் தாண்ட ஒரு காலையும் தூக்கிட்டேன். ஆனா கயிறு முதல்ல ஓடிச்சு. நான் பிறகுதான் சொன்னேன். அது எனக்குத் தெரியும். அவ்வொளுக்கும் தெரியும், அதான் என் முகத்தைப் பாக்காமச் சிரிக்காவ. தெரியாதவன் ஒருத்தன்தான், அவன் அந்தா அரை அடி சிமெண்டுல நின்னுக்கிட்டு கயித்தை அவிழ்க்கப் போறான். இவ்வொ கத்துவாவ. இன்னையோட என்கூடப் பேச மாட்டாவ. அடுத்த ஆளு முன்னால புருசனைக் கேவலப்படுத்துனவள்னு சாகுத வரைக்கும் சொல்லிக்காட்டுவாவ. சொல்லட்டும், இருந்து சொல்லட்டும்.

"கனி, அவிழ்க்காத."

"அக்கா?"

"நான் சொல்லி அவ்வொ விடல தம்பி. அதுக்கு முந்தியே கயிறு ஓடிட்டு. அவ்வொ கையில பலம் இல்ல. ரொம்ப நாளா இல்ல. நீ மேல ஏறி வந்துரு."

கனி முடிச்சுல இன்னொரு முடிச்சுப் போட்டான், சுவரைப் பிடிச்சு ஏறி பால்கனிக்குள்ள குதிச்சான், தண்ணி கேட்டான், சொம்போட குடிச்சான். இதே வேலை பாக்க அவன் மாமாவுக்குப் போன் போட்டு ரெண்டு ஆளோட வரச் சொன்னான், பெட்டி அது பாட்டுக்குத் தொங்கட்டும், ஒண்ணும் செய்யாதுன்னான். போகும்போது இவ்வொ கையை ஒரு தடவை பாத்தான், பாத்துட்டு வேற பக்கம் திரும்பிக்கிட்டான், அதைத்தான் என்னால தாங்க முடியல. கோமு அக்காளைப் பாத்துட்டு வாரேன்னு கீழ போயிட்டான். நானும் இவ்வொளும் மட்டும். நான் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன், சத்தம் வரும்னு காத்துக்கிட்டு, தோளெல்லாம் சுருங்கிப் போயி, அடி விழப்போற பிள்ளை மாதிரி. சத்தம் வரல. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து உக்காந்தாவ. வலது கையை எடுத்து மடியில வச்சு, இடது கையால அதை மூடிக்கிட்டாவ.

"எப்பருந்துட்டி தெரியும்?"

"கிறிஸ்மஸ் கழிஞ்சதுலருந்து."

"உனக்குத் தெரியாதுன்னு நெனச்சேன்." கீழ கோமு அக்கா இப்பதான் அழ ஆரம்பிச்சிருக்கா, கனி அவளைத் தேத்துதது கேக்குது. "ஐரின், நான் செத்துருவேனாட்டி?"

அந்தக் குரலை நான் இதுவரைக்கும் கேட்டது இல்ல. நான் இவ்வொ கோபத்துக்குப் பயந்து பயந்து வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கேன், அங்க கோபமே இல்ல, பயம்தான் இருந்திருக்கு, என் பயம் மாதிரியே ஒரு பயம், ஒரே கட்டில்ல ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டு ரெண்டு பேரும் தனித்தனியா முழிச்சுக் கிடந்திருக்கோம். கிட்டப் போயி முட்டி போட்டு உக்காந்தேன். என் உள்ளங்கை வெந்து போயி எரியுது, அவ்வொ கை ஐஸ் மாதிரி கிடக்கு. சாக மாட்டிய, இதெல்லாம் மாத்திரைலயே சரியாயிரும், சாயந்திரமே டாக்டர்ட்ட போவோம்னு சொன்னேன். எனக்கு என்ன தெரியும்.